டேங்கைக் கழுவும் முன் பாட்டிலில் பிடித்து வையுங்கள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி டீசல் பம்ப் பழுது பார்க்கும் கடைகளில் நின்று கேட்டால் திரும்பத் திரும்ப ஒரே கதைதான் காதில் விழுகிறது. பங்க் விலையைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்று, நெடுஞ்சாலை ஓரத்து ஷெட்டில் ‘பயோ டீசல்’ ஊற்றியிருப்பார்கள். சில நடைகள் வண்டி நன்றாகவே ஓடும். பிறகு காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், மேட்டில் இழுவை போய்விடும், புகை கறுத்துவிடும். மெக்கானிக் டேங்கைத் திறந்து இருந்ததை எல்லாம் வடித்துக் கொட்டுவார். பில்டரை மாற்றி, நாசிலைக் கழற்றி வேலை பார்த்து, ஆயிரக்கணக்கில் பில் நீட்டுவார். உரிமையாளர் தலையெழுத்து என்று கட்டிவிட்டுப் போவார். விற்றவனைக் கூண்டில் ஏற்றக்கூடிய ஒரே சாட்சி அந்த டேங்கில்தான் இருந்தது. அது சாக்கடையில் போய்விட்டது.

‘பயோ டீசல்’ என்ற பெயரில் மூன்று வேறு சரக்குகள் விற்பனையாகின்றன. முதலாவது, சுத்தமான அல்லது ஓட்டலில் பொரித்து மிஞ்சிய சமையல் எண்ணெய். இரண்டாவது, அந்த எண்ணெயை மெத்தனாலும் காரமும் சேர்த்து வேதிமாற்றம் செய்து எடுத்த உண்மையான பயோ டீசல். மூன்றாவது, இரண்டிலும் சேராத தொழிற்சாலை எண்ணெய், கரைப்பான் கலவை. ஷெட்டில் ஊற்றுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது ரகம் என்றே சந்தேகப்படுங்கள்.

1900 பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியதே என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஓடியது உண்மைதான். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 லாரியில் இருப்பது அந்த இன்ஜின் அல்ல. 40 டிகிரி வெப்பத்தில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 அலகு வரை. சமையல் எண்ணெய்க்கு 30-க்கு மேல். ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் முடியளவு துளை வழியாகப் பீய்ச்ச வேண்டிய நாசிலுக்கு இந்தக் கெட்டி எண்ணெயைக் கொடுத்தால் அது தூவாது, ஒழுகும். கழற்றிய நாசில் முனையைப் பாருங்கள்: வார்னிஷ் அடித்ததுபோலப் பழுப்புப் படலம், துளையைச் சுற்றிக் கரி. எரியாத எண்ணெய் பிஸ்டன் ஓரமாகக் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலையும் கெட்டியாக்கிவிடும். பழைய இன்லைன் பம்ப் வண்டிகளில் இரண்டாவது டேங்க் வைத்து, ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டில் எண்ணெயை இளக்கி, டீசலில் ஸ்டார்ட் செய்து டீசலிலேயே நிறுத்தி ஓட்டுபவர்கள் வெளிநாடுகளில் உண்டு. அதைப் பார்த்து இங்கே யாரும் லேத் பட்டறையில் டேங்க் அடிக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தக விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதற்கு மெத்தனால் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற விஷம் அதுதான். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே தமிழ்நாட்டில் குற்றம்.

ஓட்டல் எண்ணெய்க்கும் தனி விதி இருக்கிறது. நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடை, கணக்கு எழுதி, மிஞ்சியதை அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவு. டின் டின்னாக லாரிக்காரருக்கு விற்கும் கடைக்காரரும் சிக்கலில்தான் இருக்கிறார்.

உண்மையான பயோ டீசல் விற்பதற்குத் தடை இல்லை. மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2019 ஏப்ரல் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் அதை டீசலில் கலப்பதற்காக விற்க அனுமதிக்கின்றன. விற்பவர் மாநில அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், சரக்கு ஐ.எஸ். 15607 தரத்தில் இருக்க வேண்டும். ஆகவே மூடியைத் திறப்பதற்கு முன்பே பதிவுச் சான்றையும், அந்த லோடுக்கான பரிசோதனைச் சான்றையும், ஜி.எஸ்.டி. எண்ணுள்ள பில்லையும் கேளுங்கள். ‘அதெல்லாம் ஆபீஸ்ல இருக்குண்ணே’ என்ற பதில் வந்தால் வண்டியை எடுங்கள்.

ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கி வண்டியில் போட்டு வையுங்கள். 15 டிகிரியில் டீசலின் அடர்த்தி 845-க்குள் இருக்கும். பயோ டீசல் 860 முதல் 900. சமையல் எண்ணெய் 910-க்கு மேல். நம் வெயிலில் 35 டிகிரி இருந்தால் அளவு ஏறக்குறைய 14 குறைந்து காட்டும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அளவு சரியாக இருப்பதாலேயே சரக்கு நல்லதாகிவிடாது. கரைப்பான் கலவையை எந்த அடர்த்திக்கும் கொண்டுவரலாம்.

இதையெல்லாம் மீறி வண்டி நின்றுவிட்டதா? டேங்கைக் கழுவ விடாதீர்கள். மெக்கானிக் அவசரப்படுத்துவார், லோடு ஏஜென்ட் போனில் கத்துவார். இருந்தாலும் கழுவ விடாதீர்கள். நன்கு காய்ந்த கண்ணாடி அல்லது அலுமினிய பாட்டிலில், லிட்டர் கணக்கில் மூன்று மாதிரி பிடியுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம். மூடியின் மேல் காகிதம் ஒட்டி, வண்டி எண், தேதி, நேரம், எங்கே ஊற்றியது, மீட்டர் அளவு ஆகியவற்றை எழுதி, டிரைவர், மெக்கானிக், வெளியாள் ஒருவர் என மூவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற பெட்ரோலியப் பரிசோதனைக் கூடத்துக்கு. ஒன்று, வழக்குக்கு. மூன்றாவது உங்கள் பீரோவில் இருக்கட்டும். கழற்றிய நாசிலையும் பில்டரையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பழுதுக்கு இந்த எரிபொருள்தான் காரணம் என்று மெக்கானிக்கிடம் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள்.

அடுத்து புகார். கலப்பட எரிபொருள் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வரும் குற்றம்; மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. மனுவை மாவட்ட வழங்கல் அலுவலருக்கும், குடிமைப்பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறைக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். அங்கே போ, இங்கே போ என்று அலைக்கழிப்பார்கள். ஷெட்டுக்கு சீல் வைத்துப் படம் எடுத்துக்கொள்வதில் காட்டும் அக்கறையை, மறுபடி திறந்துவிட்டானா என்று பார்ப்பதில் காட்டாத அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாய்ச்சொல்லால் புகார் சொல்லிப் பயனில்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவைப் பதிந்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். நம்மையே பிடித்துவிடுவார்களோ என்று பயந்தால், முதலில் வக்கீலைப் பாருங்கள். பயோ டீசல் என்று நம்பி வாங்கியதைக் காட்டும் பில் அப்போது உங்களைக் காக்கும்.

நஷ்டஈடு கேட்க வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவது, ‘இவர் வணிகத்துக்கு வாங்கியவர், நுகர்வோர் அல்ல’ என்பதுதான். பல லாரி வைத்திருப்பவருக்கு இந்த வாதம் பெரும்பாலும் தடையாகும். அவர் சிவில் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கே வண்டி ஓட்டுபவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். அதை முதல் பக்கத்திலேயே பிரமாணப் பத்திரமாக எழுதுங்கள், ஆர்.சி., பெர்மிட், ஓட்டுநர் உரிமம், தவணை கட்டும் வங்கிக் கணக்கு ஆகியவற்றை இணையுங்கள். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி 38-ஆம் பிரிவின் கீழ் தனி மனு போடுங்கள்; அறிக்கைக்கு 45 நாள் கெடு. பாட்டிலே இல்லாமல் போனால் எதை அனுப்புவார்கள்?

கட்டணத்துக்குப் பயந்து பலர் திரும்பிவிடுகிறார்கள். கட்டணம் கணக்கிடுவது நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல, எரிபொருளுக்குக் கொடுத்த விலையை வைத்து. அது 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. ஆகவே நாசில், பம்ப், இழுவை வண்டி வாடகை, நின்ற நாட்களின் வருமானம் என ஒன்றையும் விடாமல் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பில் இணைத்து, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யுங்கள்.