டர்ஃப் மேட்ச்சுக்கு ட்ரோனா? முதல்ல இன்ஷூரன்ஸ் கேளுங்க!

ஆபீஸ் டீமுக்கு வேளச்சேரியில டர்ஃப் புக் பண்ணி, வீடியோவுக்கு ட்ரோனும் பேசிட்டீங்களா? 2021 ட்ரோன் விதிகள்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் பறக்கவிட முன் அனுமதி வேணும். மீறினா 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. 250 கிராமைத் தாண்டின ட்ரோனுக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். அதுக்குக் கீழே விலக்கு. அந்தக் குட்டி ட்ரோன் பக்கத்து டர்ஃப்ல ஆடுற பையன் கண்ணுல பட்டா? உங்க ஆபீஸ் ஹெல்த் பாலிசி அவனுக்கு ஒரு ரூபாய்கூட தராது. சிகிச்சைச் செலவு கேட்டு வரும்போது, ஏற்பாடு பண்ணின உங்களையும்தான் இழுப்பாங்க.

அதனால பாலிசி நகலைப் பார்த்துட்டு அட்வான்ஸ் அனுப்புங்க. “சின்ன ட்ரோன்தான் சார், பாலிசியெல்லாம் இல்ல”ன்னா, நானா இருந்தா மொபைலை ட்ரைபாடுல வெச்சே எடுத்துப்பேன்.