நாலு சுவருக்குள் – 11: அம்மாவிடம் சொல்ல முடியாதது

டாரசாஃப் வழக்கைப் பற்றிய பேச்சு போன வாரத்தோடு முடிந்தது. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து என்றால் கவுன்சலர் காக்கும் ரகசியம் இரண்டாம்பட்சம். அது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் பள்ளி கவுன்சலர்களும், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டமும் என்று சொல்லியிருந்தேன். அதற்காகப் படிக்க உட்கார்ந்தபோது ஜாஃபி எதிர் ரெட்மண்ட் தீர்ப்பு கண்ணில் பட்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1991 ஜூன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் என்ற ஊர். குடியிருப்பில் சண்டை என்று தகவல் வர, மேரி லூ ரெட்மண்ட் என்ற பெண் போலீஸ் முதல் ஆளாகப் போகிறார். ரிக்கி ஆலன் என்பவரைச் சுட்டுவிடுகிறார், அவர் இறந்துபோகிறார். கத்தியோடு ஒருவரைக் குத்தப் பாய்ந்தார் என்கிறார் ரெட்மண்ட். கையில் ஆயுதமே இல்லை என்கிறது ஆலனின் குடும்பம்.

அதன்பின் கேரன் பேயர் என்ற சமூகப் பணியாளரிடம் ரெட்மண்ட் சுமார் 50 முறை கவுன்சலிங் போயிருக்கிறார். ஆலன் தரப்பில் ஜாஃபி என்பவர் வழக்குப் போட்டதும் அந்தக் கவுன்சலிங் குறிப்புகளைக் கேட்டார்கள். நீதிபதி உத்தரவிட்டும் இருவரும் தரவில்லை. அப்படியானால் அதில் ரெட்மண்டுக்குப் பாதகமானதுதான் இருக்கும் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என ஜூரிகளிடம் சொல்லிவிட்டார் நீதிபதி. 5,45,000 டாலர் இழப்பீடு! வாய் திறக்காததே சாட்சியாகிவிட்டது.

மேல்முறையீட்டில் அது ரத்தானது. 1996-இல் உச்ச நீதிமன்றமும் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் ரகசியத்தின் பக்கம் நின்றது. மாறுபட்டவர்களில் ஒருவர் நீதிபதி ஸ்காலியா. காலங்காலமாக மனிதர்கள் மனக்குறையைப் பெற்றோரிடமும் நண்பர்களிடமும்தானே கொட்டினார்கள், அம்மாவிடம் சொன்னதற்கு இல்லாத பாதுகாப்பு கவுன்சலரிடம் சொன்னதற்கு மட்டும் எதற்கு என்று கேட்டார். இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஆனால் அம்மாவிடம் சொல்ல முடியாததைத்தானே அந்த அறைக்குக் கொண்டுபோகிறோம்?

தீர்ப்பை எழுதிய ஸ்டீவன்ஸ், மனநல மருத்துவருக்கு உள்ள அதே பாதுகாப்பைச் சமூகப் பணியாளருக்கும் கொடுத்தார். மனநல மருத்துவருக்குச் செலவழிக்க வசதியில்லாதவர்கள் போவது அவர்களிடம்தான் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. எவ்வளவு பெரிய மனசு!

நம் நாட்டில் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 பிரிவு 23 ரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. ஆனால் தனிப்பட்ட பேச்சில் சாட்சியச் சட்டம் காப்பது கணவன் மனைவி பேச்சையும் வக்கீலிடம் சொன்னதையும்தான். 1872-லும் அப்படித்தான், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அப்படித்தான். கவுன்சலருக்கு அதில் இடமே இல்லை.

எனக்குத் தெரிந்த கவுன்சலர் ஒருவரின் நோட்டைப் பார்த்தேன். பெயருக்குப் பதில் ஓர் எழுத்து. தேதி. 'தூக்கம் தேவலை. அண்ணன் பேச்சு வந்தது.' ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவுதான். விவாகரத்து வழக்கில் யாராவது கேட்டுவிட்டால் என்ற பயம். அவர் வேலை மாறிப்போனால் அடுத்து வருபவருக்கு இதிலிருந்து என்ன விளங்கும்? ஆலோசனைக்கு வந்தவர் மறுபடி முதலிலிருந்து அழுதாக வேண்டும். இது சரியான நிலைமை இல்லை.

போக்சோ அடுத்த வாரம், கட்டாயம். பிரிவு 19-இன்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. சட்டத்தின் கண்ணில் இன்னும் சிறுமியான பதினேழு வயதுப் பெண் தன் காதலைச் சொல்லவந்து, 'யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ்' என்று ஆரம்பித்தால், அந்த மிஸ் அவளை மேலே பேசவிடலாமா?