டிகிரி கணக்கு

பரணிலிருந்து தாத்தாவின் ஆக்ஃபா கிளிக் 3 கேமராவை இறக்கித் துடைத்து, ஒரு 120 ரோலைப் போட்டு, மகாமகக் குளத்தைச் சுற்றிப் பன்னிரண்டு சதுரப் படம் எடுத்தாயிற்று. இனி இதை எங்கே கழுவுவது?

ஒரு காலத்தில் இது கேள்வியே இல்லை. ஊட்டியில் செய்த ‘இந்து’ ரோலை விற்ற ஸ்டூடியோவின் பின்கட்டிலேயே டார்க் ரூம் இருந்தது. பிறகு வந்த கலர் லேப் மெஷின்கள் பெரும்பாலும் 35 மி.மீ. பிலிமுக்குப் பழகியவை. 120 பிலிமோ ஆறு சென்டிமீட்டர் அகலம். டப்பா கிடையாது, முதுகுக் காகிதம்தான் அதற்குக் காவல். ஆகவே லேப் என்றால் வெளியூருக்குக் கூரியர். அனுப்புமுன் போன் போட்டு, 120 எடுப்பார்களா, நெகட்டிவைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவை மறந்துபோகிற இடமும் உண்டு.

கலர் ரோலை அனுப்பிவிடலாம். கருப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுங்கள் என்பதுதான் என் கட்சி.

ராத்திரியில், ஜன்னல் இல்லாத அறையில், காகிதத்தைப் பிரித்துக்கொண்டே போனால் சற்று நேரத்தில் வழவழவென்று பிலிம் நுனி விரலில் தட்டும். இந்த நுனி சும்மா நிற்கும். மறுநுனியைப் பசை நாடா பிடித்திருக்கும். நாடாவை வெடுக்கென்று இழுத்தால் இருட்டில் நீலமாக ஒரு மினுக்கு தெரியும், மெதுவாக உரியுங்கள். ஐப்பசி மழையில் பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் இருந்தாலும் பிலிம் பாதி வழியில் ஒட்டிக்கொள்ளும். நான் அப்படி முக்கால் மணி நேரம் வியர்த்திருக்கிறேன். ரீலை முதல் நாளே காயவைத்துவிடுங்கள்.

ரீலை டாங்கில் இறக்கி மூடியபின் விளக்கைப் போடலாம். அதற்குப் பிறகு எல்லாம் தண்ணீர்ப் பிரச்சினைதான். டெவலப் செய்யும் நேர அட்டவணைகள் 20 டிகிரிக்கு எழுதப்பட்டவை. சித்திரையில் நம் மாடித் தொட்டித் தண்ணீர் முப்பதைத் தாண்டும். இல்ஃபோர்டு எச்.பி.5 பிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சூடு ஏற ஏற நேரம் குறையும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத் திட்டாக வரும். டெவலப்பரில் சம அளவு தண்ணீர் கலந்தால் அதே பிலிமுக்குப் பதின்மூன்று நிமிடம். 24 டிகிரியில் சுமார் ஒன்பது. அதனால் 20-க்கு மல்லுக்கட்ட வேண்டாம். பாட்டில்களை ஐஸ் போட்ட பித்தளை அண்டாவில் நிறுத்தி 24-க்குக் கொண்டுவந்தால் போதும். (அண்டாவில் ஐஸ் தண்ணீரோடு சரி, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவைப் பித்தளையில் ஊற்றிவிடாதீர்கள்.) ஹைப்போவும் கழுவுகிற தண்ணீரும்கூட அதே சூட்டில் இருக்க வேண்டும். திடீரென மாறினால் ஜெலட்டின் சுருங்கி வலைபோல வெடிக்கும்.

கலருக்கு 38 டிகிரி வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அது பக்கம்தான், ஆனால் அரை டிகிரி பிசகினாலே நிறம் மாறக்கூடும்.

டிகிரி காபி ஊரில் இதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டன்ட் காபித்தூளும் சலவைச் சோடாவும் கலந்து பிலிம் கழுவும் முறையை 1995-இல் அமெரிக்காவின் ராச்சஸ்டரில் மாணவர்கள் செய்துகாட்டினார்கள். படம் வரும், நாற்றம் சகிக்காது. சிக்கரி போட்ட டிகாஷனை அதற்கு வீணாக்க வேண்டாம்.

கடைசி அலசலுக்கு இன்வர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது; போர்வெல் தண்ணீரின் உப்பு நெகட்டிவில் வெள்ளைப் பொட்டாகத் தங்கும். காயத் தொங்கவிட மேலே ஒரு கிளிப், கீழே கனத்துக்கு ஒன்று. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.