சம்பளம் வாங்காத தலைவர்

பெங்களூர் ஆடுகோடியில், ஓசூர் ரோட்டை ஒட்டி, மத்திய அரசின் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் இம்பீரியல் நிலையம் என்று பெயர். 1940களின் நடுவில் அங்கே சில மாதங்கள் பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர், பிற்காலத்தில் பொதுப்பணத்தில் நடந்த ஒரு பெரிய அறநிறுவனத்துக்கு 33 ஆண்டுகள் தலைவராக இருந்தார். அதிலிருந்து ஒரு காசு சம்பளம் வாங்கவில்லை.

அவர்தான் டாக்டர் வர்கீஸ் குரியன். பிறந்தது கோழிக்கோடு என்றாலும், படித்தது கோபிசெட்டிபாளையம் வைரவிழாப் பள்ளியிலும், சென்னை லயோலா கல்லூரியிலும், கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியிலும். நம்மவர் என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை.

1964 அக்டோபரில் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி குஜராத்தின் ஆனந்த் நகருக்கு வந்து அமுல் பால்பண்ணையைப் பார்த்தார். நாடெங்கும் இதேபோல் வேண்டும் என்றார். அதன்படி 1965ல் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் தொடங்கியது. அப்போது அது சங்கமாகவும் தர்ம டிரஸ்டாகவும் பதிவானதுதான். 1987ல்தான் பார்லிமெண்ட் சட்டத்தின் கீழ் வந்தது. 1970ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்துக்கு, ஐரோப்பிய நாடுகள் இனாமாகத் தந்த பால் பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் விற்ற பணம் உதவிற்று.

இவ்வளவு பொறுப்புக்கும் சம்பளம் இல்லையென்றால் வீட்டுச் செலவு எப்படி? இங்கேதான் விஷயம் இருக்கிறது. கெய்ரா ஜில்லா பால் உற்பத்தியாளர் சங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்து வந்தது. தாம் விவசாயிகளின் ஊழியர், சர்க்காரின் ஊழியர் அல்ல என்பது அவர் வாதம். மந்திரிகளிடமும் அதிகாரிகளிடமும் அவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேச முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் எல்லோருக்கும் பின்னால் ஓர் அமுல் இருக்குமா? மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற குமாஸ்தா, லீவு போட்டுச் சங்கத் தலைவராக உழைக்க முடியாது. கௌரவப் பதவி என்றால் வசதி உள்ளவருக்கே போகிறது. இல்லாவிட்டால் கார், பயணப்படி, மைத்துனருக்குக் காண்டிராக்ட் என்று பின்வாசலில் வந்து சேருகிறது. அதைவிட நேர்வாசலில் ஒரு சம்பளம் மேல்.

சட்டம் இதை முற்றிலும் தடுக்கவில்லை. 1882ம் வருஷத்து டிரஸ்ட் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கானது. பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய தர்மகர்த்தா சம்பளம் கேட்க உரிமை இல்லை என்கிறது அது. பொது டிரஸ்டுகள் விஷயத்தில், 1961ம் வருஷத்து வருமானவரிச் சட்டம், செய்த வேலைக்கு நியாயமான ஊதியத்தை ஒப்புக்கொண்டது. அளவு மீறினால் வரிச்சலுகைக்கு ஆபத்து. பிரிட்டனில் 2012ல், பெரிய அறநிறுவனங்கள் தர்மகர்த்தாக்களுக்குச் சம்பளம் தரலாம் என்று ஹாட்ஜ்சன் பிரபு யோசனை சொன்னார். பலத்த எதிர்ப்பு எழுந்தது, யோசனை ஏற்கப்படவில்லை.

சம்பளம் வாங்காதவரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் சங்கங்களில் ஒரு தயக்கம் உண்டு. குரியனுக்கே அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 1983ல் பத்திரிகையில் அவருடைய திட்டத்தின் மீது கடுமையான தாக்குதல் வந்தது. எல்.கே.ஜா தலைமையில் அமைந்த கமிட்டி திட்டத்தைப் பரிசீலித்தது. கர்நாடகத்திலும், 1960ம் வருஷத்துச் சட்டப்படி பதிவான சங்கங்கள், தலைவர் சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும்.