வளரும் நகரமும் அபிவிருத்திக் கட்டணமும்: சான் ஹொசே நகரை முன்வைத்து ஒரு நோக்கு

நகரமொன்றின் வளர்ச்சிக்கான செலவை எவ்வர்க்கம் ஏற்கின்றது என்னும் வினா, நகரசபைகளின் வரவு செலவுத் திட்டங்களில் நேரடியாக எழுப்பப்படுவதில்லை. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் கான், வீதி, பூங்கா ஆகிய யாவும் ‘சேவைகள்’ என்ற பொதுப்பெயருக்குள் அடக்கப்பட்டு, அவற்றுக்கான அறவீடு வெறும் தொழில்நுட்ப விடயமாகக் காட்டப்படுகின்றது. (இலக்கியத்தில் நகரத்தைத் தேடும் நம் விமர்சகர்களும் நிலத்தின் மேல் தெரிவனவற்றையே காண்கின்றனர், நிலத்தடிக் குழாய்கள் அவர்கள் கண்ணிற் படுவதில்லை.) கலிபோர்ணியாவின் சான் ஹொசே நகர வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்கு வாய்ப்பானது.

1950இல் 95,280 பேர் வாழ்ந்த, பழத்தோட்டங்களும் பழம் தகரத்திலடைக்கும் ஆலைகளும் சூழ்ந்த ஊர் அது. 1970இல் அதன் குடிசனத்தொகை நாலரை இலட்சத்தை அண்மித்தது. பரப்பளவோ ஏறத்தாழ எட்டு மடங்காகியது. 1950 முதல் 1969 வரை நகர முகாமையாளராயிருந்த ஹாமன் இவ்விரிவாக்கத்தின் சூத்திரதாரி. அவர் கையாண்ட ஆயுதம் கழிவுநீர்க் கான் என்பது கவனிக்கத்தக்கது. நகர எல்லைக்குள் இணைய இசைந்த காணிகளுக்கே கான் வசதி கிட்டும் என்ற நிலையில், சுற்றயலிலுள்ள தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகருடன் இணைந்தன. கான் சென்றடைந்த மாத்திரத்தில், ஏக்கர்க் கணக்கில் விலைபோன காணி வீட்டுமனையாகப் பெறுமதி பெற்றது. இப்பெறுமதியை உண்டாக்கியது பொதுப்பணம். அதனை அனுபவித்தோர் காணிச் சொந்தக்காரரும் மனைப்பிரிப்பாளருமாவர்.

அதே காலத்தில், நகரின் கிழக்குப் புறத்தில் மெக்சிக்க வம்சாவளித் தொழிலாளர் வாழ்ந்த ‘சல் சி புவேதெஸ்’ பகுதியில், வீதிகள் செப்பனிடப்படாது மழையிற் சேறாகிக் கிடந்தன. ‘முடிந்தால் வெளியேறு’ என்பதே அப்பெயரின் பொருள். பண்ணைத் தொழிலாளர் இயக்கத்தை பின்னர் கட்டியெழுப்பிய சேசர் சாவேஸ் 1952இல் அரசியற்பணிக்கு ஈர்க்கப்பட்டது இங்கிருந்தே. தொலைவிலிருந்த வெற்றுத் தோட்டங்களை நோக்கி நீண்ட நகரத்தின் கரம், தோட்டங்களிலும் ஆலைகளிலும் உழைத்தோரின் வாசலில் தயங்கி நின்றது தற்செயலன்று.

1978 யூனில் சர்வசன வாக்கெடுப்பில் நிறைவேறிய பிரேரணை 13 இந்நிலைமையில் ஒரு திருப்பமாகும். ஆதனவரி மதிப்பின் 1 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தப்பட்டது. மதிப்பீடு 1975ஆம் ஆண்டு நிலைக்குப் பின்தள்ளப்பட்டது. ஆதனம் கைமாறும்வரை அது ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரலாகாது என விதிக்கப்பட்டது. உள்ளூராட்சி மன்றங்களின் ஆதனவரி வருமானம் ஒரேயடியாகப் பாதிக்கு மேல் வீழ்ந்தது. ஓய்வூதியம் பெறும் முதியோரின் வீட்டைக் காப்பதாகப் பிரசாரம் செய்யப்பட்ட இவ்வேற்பாட்டில், எளிதிற் கைமாறாத கம்பனி ஆதனங்களும் சத்தமின்றி அடைக்கலம் புகுந்தன. அவற்றைச் சந்தை மதிப்பில் வரிவிதிக்க முயன்ற பிரேரணை 15, 2020 நவம்பரில் தோற்கடிக்கப்பட்டது.

குறைந்த வருமானத்தை ஈடுசெய்யக் கலிபோர்ணிய நகரங்கள் அபிவிருத்திக் கட்டணத்தை நாடின. அது முற்றிலும் புதியதன்று. மனைப்பிரிப்போரிடம் பூங்காவுக்கான நிலமோ பணமோ கோருவதை 1965ஆம் ஆண்டின் குயிம்பி சட்டமே அனுமதித்திருந்தது. 1978இன் பின் அதுவே நகர நிதியின் முக்கிய தூண்களுள் ஒன்றாயிற்று. ‘வளர்ச்சி தன் செலவைத் தானே ஏற்கட்டும்’ என்பது இதற்கான நியாயம். கேட்பதற்கு நீதியாகத் தோன்றும் இக்கூற்றிலேயே மயக்கம் உள்ளது. வளர்ச்சி என்பது பணப்பையுடன் வரும் ஓர் ஆள் அல்ல. மனை வாங்குமுன்பே கட்டணம் தெரிந்திருப்பின், கட்டுவோர் காணிக்குக் குறைந்த விலை கொடுக்கலாம். அப்போது சுமை நிலவாடகையிற் கழியும். வீட்டுப் பஞ்சம் நிலவுமிடத்திலோ அது குடியேறுவோரின் தலையில் விழுகின்றது. வீடொன்றுக்கு இவ்வளவு என அறவிடும்போது சிறுவீட்டுக்காரரே விகிதாசாரத்தில் அதிகம் செலுத்துவர். பரப்பளவுக்கேற்பக் கணிக்கும் முறையை வலியுறுத்தும் மாநிலச் சட்டம் 2021இலேயே வந்தது.

அயல்நகராகிய சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹென்றி ஜோர்ஜ் 1879இல் ‘முன்னேற்றமும் வறுமையும்’ நூலை வெளியிட்டார். சமூகம் தோற்றுவிக்கும் காணிப் பெறுமதியைச் சமூகமே வரியாகப் பெறவேண்டும் என்பது அவர் வாதம். கூலியுழைப்பைத் தீண்டாது நிலவாடகையை மட்டும் சாடுவது முதலாளித்துவத்தைக் காக்கும் முயற்சியே என மார்க்ஸ் 1881இல் சோர்கேக்கு எழுதிய கடிதத்தில் கண்டித்தமை அறிந்ததே. அக்கண்டனம் சரியானதே, ஆயினும் பிரேரணை 13 ஜோர்ஜின் அரைகுறைத் தீர்வையும் தலைகீழாக்கியது. பழைய உடைமையாளரின் பெறுமதி உயர்வு விடுபட, புதிதாகக் கூரை தேடுவோர் கட்டணம் செலுத்துகின்றனர்.

நீதிமன்றங்கள் இவ்விடயத்தை ஆதன உரிமையின் கண்கொண்டே நோக்கியுள்ளன. நிபந்தனைக்கும் கட்டடத்தின் தாக்கத்துக்கும் தொடர்பு வேண்டுமென 1987இலும், அளவிலும் ஏறத்தாழப் பொருந்த வேண்டுமென 1994இலும் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. எல் டொராடோ மாவட்டத்தில் ஒருவரிடம் வீதிக்கென அறவிட்ட 23,420 டொலர் பற்றிய வழக்கில், சட்டசபை விதித்த கட்டணங்களும் இச்சோதனைக்கு விலக்கல்ல என 2024 ஏப்ரலில் ஏகமனதாகக் கூறியது. கட்டணம் நியாயமற்றதெனக் காணப்பட்டால் குறையலாம். வீதிச் செலவு குறையாது. அதனை ஏற்கக்கூடிய ஆதனவரியோ 1978இல் இட்ட பூட்டுக்குள்ளேயே கிடக்கின்றது.