ஏழு சகோதரர்களும் ஒரு பேயும்

“பேய்ப் படமெல்லாம் ஒரு படமா?” என்று கேட்கும் சங்க அன்பர்களில் நானும் ஒருவன். 1984-இல் ‘புரானா மந்திர்’ வெளிவந்தபோது மாட்டுங்கா ஒர்க்‌ஷாப் நண்பர்கள் இழுத்துச் சென்றார்கள். படம் முழுக்கச் சிரித்தேன். அன்றிரவு தாராவி வீட்டில் விளக்கை அணைக்கவில்லை!

அதை எடுத்த ராம்சே குடும்பமும் நம்மைப்போல் பிழைக்க வந்ததுதான். கராச்சியில் ரேடியோ கடை வைத்திருந்த எஃப்.யு. ராம்சே, பிரிவினைக்குப் பின் மும்பை வந்தார். 1970-இல் அவர் தயாரித்த படம் தோல்வி. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் முகமூடியுடன் திருட வரும் காட்சியை மட்டும் ஜனங்கள் ரசித்ததை மகன்கள் கவனித்தார்கள்.

அதன் பலன்தான் 1972-இல் வந்த ‘தோ கஸ் ஜமீன் கே நீச்சே’. செட் போடப் பணமில்லை. காடு சூழ்ந்த மகாபலேஷ்வரில் படப்பிடிப்பு. துளசியும் ஷியாமும் டைரக்‌ஷன், கங்கு கேமரா, கிரண் ஒலிப்பதிவு, குமார் கதை. தாராவிப் பட்டறைகளில் அண்ணன் தம்பிகள் வேலையைப் பிரித்துக்கொள்வது போலத்தான்!

பணமில்லாத இடத்தில் இருட்டு வேலை செய்கிறது. காட்டாததை நாமே கற்பனை செய்து பயப்படுகிறோம். 1999-இல் அமெரிக்காவின் ‘பிளேர் விட்ச் பிராஜெக்ட்’ படமும் காட்டில் நடிகர்களிடமே கேமராவைக் கொடுத்து இதைத்தான் செய்தது.

சென்ற மாதம் செம்பூரில் என் பேரன் நண்பர்களோடு செல்போனில் பேய்ப் படம் எடுக்கக் கிளம்பினான். “படிக்கிற வழியைப் பார்” என்று அதட்டிவிட்டேன். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், பழைய பைப்பும் நான்கு சக்கரமும் வைத்து கேமரா டிராலி ஒன்று செய்து கொடுத்தேன்.

“தாத்தா, நீங்கதான் பேய்” என்றான். ஒப்புக்கொண்டிருக்கிறேன்.