வற்றுப்பெருக்கும் விண்மீன் ஓடைகளும்

முந்தற் கடலோரத்தில், மே மாத இறுதியில், இரவு ஒன்பது மணியளவில் தெற்கு நோக்கி நிற்போர் தென்சிலுவைக்கு இடப்புறத்தே, சற்று உயரத்தில், மங்கிய ஒளிப்பொட்டொன்றைக் காணலாம். நிலவற்ற இரவும், தென்னந்தோப்பு மறைக்காத வெளியும் வேண்டும். பண்டைய தாலமி இதனைத் தனியொரு விண்மீனென்றே பதிந்தார். உண்மையில் இஃது ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட கோள வடிவக் கொத்து. பெயர் ஒமேகா சென்டாரி. தொலைவு சுமார் 17,000 ஒளியாண்டு.

இத்துணைச் செறிந்த கூட்டமும் மெல்ல மெல்லச் சிதறுகின்றது. சிதறச் செய்வது யாதெனின், இக்கரையில் நீரை ஏற்றி இறக்கும் அதே வற்றுப்பெருக்கு விசையாகும்.

நம் கரையில் அவ்வேற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவே. எனினும் அதன் இயல்பு நுணுகி நோக்கற்பாலது. திங்கள் நீரைத் தன்பால் இழுக்கின்றது என்று கூறி அமைதல் போதாது. அங்ஙனமாயின் திங்களை நோக்கிய பக்கத்தில் மட்டுமன்றோ நீர் பொங்குதல் வேண்டும்? எதிர்ப்பக்கத்திலும் பொங்குகின்றதே! அண்மைப் பக்கம் மிகுதியாகவும் சேய்மைப் பக்கம் குறைவாகவும் இழுக்கப்படுகின்றன. இழுப்பன்று, இழுப்பின் வேறுபாடே வற்றுப்பெருக்கின் காரணம்.

திங்களின் இடத்தில் பால்வழி மண்டலத்தையும், புவியின் இடத்தில் விண்மீன் கொத்தையும் வைத்து எண்ணுக. கொத்தின் இருபுறத்தும் விளிம்பு மீன்கள் நழுவுகின்றன. உட்புறம் நழுவியவை சிறு பாதையிற் சென்று கொத்தை முந்துகின்றன. வெளிப்புறம் நழுவியவை நெடும் பாதையிற் பின்தங்குகின்றன. ஆதலின் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு ஓடைகள் தோன்றுகின்றன. பாலோமர் 5 என்னும் கொத்தின் இருபுறத்தும் இவ்வாலைகள் 2001 இல் தெளிவாகக் காணப்பட்டன. 2006 இல் அவற்றின் நீளம் 22 பாகை எனக் கணிக்கப்பட்டது. நாற்பதுக்கு மேற்பட்ட முழுநிலாக்களை வரிசையாக வைத்தாலொத்த நீளம் அது!

ஒமேகா சென்டாரியின் ஓடை வானில் வேறோர் இடத்தில் தனித்துக் கிடந்தது. வடபுலப் பழங்கதையாறொன்றின் பெயரால் அதனை விம்புல்தூல் என்றழைத்தனர். நம் நாவிற்கு எளிதில் வசப்படாத பெயர். ஐரோப்பியர் 2013 இல் ஏவிய கையா விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு, ரொட்றிகோ இபாட்டா, கியாதி மல்ஹான் முதலியோர் 2019 இல் அதன் தாய்க்கொத்து இதுவே என நிறுவினர்.

ஓடையின் வளைவு பால்வழியின் ஈர்ப்பினால் அமைவது. ஆகவே, கண்ணுக்குத் தோன்றாத கரும்பொருளையும் சேர்த்து மண்டலத்தின் திணிவை நிறுக்க அது துலாக்கோலாகின்றது. ஜீ.டீ.-1 எனப்படும் மெல்லிய ஓடையில் இடைவெளிகளும் ஒரு பக்கக் கிளையும் உள்ளமை 2018 இல் புலப்பட்டது. ஒளிராத திணிவொன்று ஊடே கடந்தமையால் அவை நேர்ந்திருக்கலாம் என்பர் சிலர். ஐயம் இன்னும் நீங்கவில்லை. அவ்வோடையை ஈன்ற கொத்தோ இன்று எங்கும் காணப்படவில்லை. முற்றுங் கரைந்து ஓடையாகவே ஆயிற்றுப் போலும்.